மதியம் கரையேறாத நாள்

ஆழ்காவல் படைக்கு ஆள் எடுத்தபோது மகனை ஓடவிட்டார்கள், நீந்தவிட்டார்கள், கயிறு ஏறவிட்டார்கள். தாயை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அவளுக்கு வைத்த பரீட்சை.

உலகம்மாளுக்கு அதுவே பெரிய கஷ்டமாக இருந்தது. தாவணி போட்ட நாளிலிருந்து தூத்துக்குடிப் பக்கத்து அளத்தில் உப்பு வாருகிறவள் அவள். பட்டப்பகலில் சாய்ந்து உட்கார்ந்து பழக்கமில்லை. அவளைப் போலப் பல ஊர்களிலிருந்தும் வந்த அம்மாக்கள் வரிசையாக இருந்தார்கள். எல்லார் நெஞ்சிலும் துடிப்பு பார்க்கிற ஒரு பட்டை ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் போனதும், பின்னால் நின்ற ஒருவன் பெரிய தாம்பாளம் ஒன்றைச் சிமெண்டுத் தரையில் ஓங்கிப் போட்டான். அம்மாக்கள் அலறினார்கள். ஒருத்தி நாற்காலியோடு கவிழ்ந்தாள். உலகம்மாள் மட்டும் மெல்லத் திரும்பி, "நெளிஞ்சிருக்கப் போவுது, பாரும் தம்பி" என்றாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற டாக்டர் சிரித்துவிட்டார். அவள் மகன் பலவேசம் அன்றைக்கே தேர்வாகிவிட்டான்.

எதற்கு இந்தக் கூத்து என்று பிறகுதான் தெரிந்தது. படையிலிருந்து பியூலா என்ற நர்ஸ் ஸ்கூட்டரில் வீடு தேடி வந்தாள். வாசல் கதவைச் சாத்தச் சொன்னாள். உலகம்மாளின் வீட்டுக்காரர் கொம்பையா, அளத்தில் மோட்டார் பார்க்கிறவர், கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றுகொண்டார்.

"உங்க பையன் போற கப்பல் தண்ணிக்கு மேல மிதக்காது," என்றாள் பியூலா. "எங்கேயோ தூர தேசத்துக் கடல்ல, அடித்தரையில போய்ப் படுத்துக்கும். மாசக்கணக்கா அங்கேயே கிடந்து காவல் காக்கும். அத்தனை பேருக்கும் மூச்சுக் காத்தும் சாப்பாடும் காணாது. அதனால முக்கால்வாசிப் பேர் தூங்குவாங்க. மருந்து கொடுத்து, உடம்பைக் குளிர வச்சு, ஆமை தூங்குற மாதிரி."

"இவன் வீட்டுலயே அப்படித்தாம்மா தூங்குவான்," என்றார் கொம்பையா. "இதுக்கா ஓடவிட்டு நீந்தவிட்டு எடுத்தீங்க?"

"செத்த சும்மா இரும்," என்றாள் உலகம்மாள்.

"தூங்க வைக்கிறது லேசு ஐயா. அப்படியே உயிரோட வச்சிருக்கிறதுதான் பாடு. அவ்வளவு ஆழத் தூக்கத்துல இதயம் தன் தாளத்தை மறந்திடும். பக்கத்துல ஒரு தாளம் கேட்டுக்கிட்டே இருக்கணும். மெஷின்ல போட்டுப் பார்த்தாங்க. கொஞ்ச காலம் ஏமாறுது. அப்புறம் உடம்பு கண்டுபிடிச்சிடுது, இது ஆள் இல்லைன்னு. கடைசிவரைக்கும் இதயம் விடாம கூடவே போறது ஒரே ஒரு தாளத்துக்குத்தான். பொறக்குறதுக்கு முன்னாடி உள்ள இருந்து கேட்ட தாளம்."

உலகம்மாள் தன் நெஞ்சைத் தானே குனிந்து பார்த்தாள்.

"கடலுக்கடியில கம்பி போட்டிருக்கு. உங்க துடிப்பு இங்கிருந்து அங்க போகும். அங்கிருந்து இங்க எதுவும் வராது. வந்தா கப்பல் கிடக்கிற இடம் வெளிய தெரிஞ்சுடும்."

"அப்போ அவன் நல்லா இருக்கானா இல்லையான்னு?"

"திரும்பி வந்தாத்தான் தெரியும்மா."

உலகம்மாள் யோசித்தாள். "வயித்துல கிடந்தப்பவும் அப்படித்தான இருந்துச்சு," என்றாள்.

பியூலா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அவள் நெஞ்சில் ஒரு பட்டையை ஒட்டிக்கொண்டே மிச்சத்தையும் சொன்னாள். பதறக் கூடாது, பயப்படக் கூடாது, ஏங்கி அழக் கூடாது. அந்தத் துடிப்பு போய்ச் சேர்ந்தால் மகன் பாதித் தூக்கத்தில் முழிப்பான். அந்தக் குளிரில் பாதியில் முழித்தால் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

"அளத்துக்குப் போகலாமா?"

"நிறைமாசம் வரைக்கும் போனீங்கன்னு எழுதியிருக்கே. தாராளமாப் போங்க. அந்தத் தாளம் அவன் உடம்புக்கு அத்துப்படி. வேலையில ஏறுறது வேற, பயத்துல ஏறுறது வேற." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "முக்கியமான சங்கதி. இந்தப் பட்டையைப் பத்தி உங்க ரெண்டு பேருக்குத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. எதிரிக்குத் தெரிஞ்சா அவன் கப்பலைத் தேட வேண்டாம். உங்க வீட்டு வாசல்ல ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டாப் போதும்."

ஊருக்குச் சர்க்கரை வியாதி என்று சொன்னார்கள். சர்க்கரை பார்க்கிற பட்டை பலர் தோளிலும் இருந்ததால் ஊர் நம்பியது. ஆவுடைத்தங்கம் மட்டும் கேட்டாள், "உப்புத் தின்னே வளந்தவளுக்கு எங்கேருந்து மதினி சர்க்கரை வந்துச்சு?" அவள் கொம்பையாவின் தங்கை. பக்கத்துப் பாத்தியில் உப்பு வாருகிறவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு கெட்டதில்லை.

பட்டை ஒட்டியபின் அந்த வீட்டின் நடப்பே மாறிப்போனது. கொம்பையாவும் உலகம்மாளும் காலையில் ஒரு சண்டை, சாயங்காலம் ஒரு சண்டை என்று வாழ்ந்தவர்கள். குழம்பில் புளி கூடினால் சண்டை, குறைந்தால் சண்டை. இப்போது கொம்பையா வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொள்வார். மூட முடியாமல் போனால் கொல்லைக்குப் போய் ஆட்டைத் திட்டுவார். "ஏளா, இதெல்லாம் ஒரு குழம்பா? மனுசன் தின்பானா?" என்று ஆட்டிடம் கேட்பார். அது இவரைப் பார்த்துக்கொண்டே அசைபோடும். உள்ளே உலகம்மாளுக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் பரவாயில்லை என்று பியூலா சொல்லியிருந்தாள்.

பெரிய இழப்பு வேறொன்று. சுற்றுப்பட்டில் எந்த வீட்டில் இழவு விழுந்தாலும் முதலில் உலகம்மாளைத்தான் தேடுவார்கள். அவள் வந்து உட்கார்ந்து, மாரில் ஒரு தட்டு தட்டி, ஒப்பாரியின் முதல் அடியை எடுத்தால்தான் மற்றப் பெண்களுக்கு அழுகை வழி பிறக்கும். கல்லாக உறைந்துபோன தாய்மாரையும் அவள் பாட்டு உடைத்துக் கரையவைத்துவிடும். செத்தவரின் நடை, பேச்சு, தின்ற பண்டம் எல்லாம் சொல்லி அழுவாள். அப்படி அழுது முடித்தவர்கள்தான் மறுநாள் அடுப்பு மூட்ட எழுந்திருப்பார்கள். பட்டை ஒட்டிய நாள் முதல் அவள் இழவு வீடுகளுக்குப் போகவில்லை. சர்க்கரை, தலைச்சுற்றல் என்று சொல்லி அனுப்பினாள். மனசு கேட்காமல் ஒருதடவை தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பினாள். நெஞ்சில் பட்டை கட்டெறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுத்தது. துடிப்பு எல்லை மிஞ்சப் போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

அளத்தில் மட்டும் எல்லாம் பழையபடி நடந்தது. ஆள் இல்லாத லாரிகள் தாமாக வந்து உப்பு ஏற்றிப் போகிற காலம் வந்துவிட்டது. ஆனாலும் சின்னப் பாத்திகளில் மெஷின் இறங்கினால் புதைந்துவிடும். அங்கே வாருபலகையும் பொம்பளைகளும்தான். பலகையை இழுத்தபடி ஒவ்வோர் அடியாகப் பின்னால் நடக்க வேண்டும். இழுப்பு, மூச்சு, அடி. இழுப்பு, மூச்சு, அடி. வெயில் உச்சிக்கு வந்ததும் மோட்டார் கொட்டகைப் பக்கமிருந்து கொம்பையா குரல் கொடுப்பார்.

"ஏளா உலகு! கரையேறு! கஞ்சி காத்துக் கிடக்கு!"

அவர் கூப்பிடாமல் அவள் ஒருநாளும் கரையேறியதில்லை. வேலையில் இறங்கினால் அவளுக்கு நேரம் தெரியாது. கல்யாணமான புதிதில் தொடங்கிய வழக்கம் அது. வயிற்றில் பலவேசம் கிடந்தபோதும் அந்தக் குரல்தான், அவன் பிறந்து வரப்பில் ஓலைக்கடியில் தூங்கியபோதும் அந்தக் குரல்தான்.

அந்தக் குரல் ஒருநாள் நின்றது. காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் அப்படியே இருந்தார். தண்ணீர் பாத்தி நிறைந்து வழிந்தபிறகுதான் பார்த்தார்கள். மார்வலி என்றார்கள். மனைவியின் துடிப்பைக் கடல் தாண்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கொம்பையாவின் துடிப்பைக் கேட்க யாரும் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து உலகம்மாளின் முகத்தையே பார்த்தார்கள். ஊருக்கெல்லாம் அழுதவள் சொந்தப் புருஷனுக்கு என்ன பாட்டு எடுப்பாளோ என்று காத்திருந்தார்கள். அவள் அவருடைய காலடியில் உட்கார்ந்திருந்தாள். பாதத்தில் உப்பு வெடிப்பு. நேற்று ராத்திரி அதில் எண்ணெய் தேய்க்கச் சொல்லிக் கேட்டார், நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தாள். அதை நினைத்ததும் முதல் அடி தானாகத் தொண்டைக்கு வந்துவிட்டது. பட்டை குறுகுறுத்தது. பிறகு சுருக்சுருக்கென்று கடித்தது.

"மதினி, அழுதிருங்க," என்று ஆவுடைத்தங்கம் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "எங்கண்ணன் போயிட்டானே மதினி! வாயைத் தொறங்களேன்!"

உலகம்மாள் அவள் கையை விலக்கிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். பியூலா அப்போதுதான் வந்து இறங்கி, கொல்லை வழியாக உள்ளே நுழைந்திருந்தாள். அவள் கையில் இருந்த கருவி சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது.

"அம்மா, ரெண்டு வழி இருக்கு," என்றாள் மூச்சிரைக்க. "படபடப்பை அடக்க ஊசி போடலாம். ஆனா உங்க துடிப்பு ரொம்ப இறங்கும், அவன் துடிப்பும் கூடவே இறங்கும். அது ஏற்கெனவே அடியிலதான் கிடக்கு, அதுக்குக் கீழ இடமில்லை. இல்லைன்னா பட்டையைக் கழட்டிடுறேன். உங்க பழைய துடிப்பு பதிஞ்சு வச்சது இருக்கு, அதை ஓட்டுவாங்க. நீங்க மனசுவிட்டு அழுங்க."

"பதிஞ்சு வச்சத அவன் நம்புவானா?"

பியூலா கீழே பார்த்தாள். "சிலர் நம்பியிருக்காங்க."

"மத்தவங்க?"

பியூலாவுக்குக் கண் நிறைந்தது.

"நீ அழாத தாயி," என்றாள் உலகம்மாள். "நீ அழுதா எனக்கும் வந்துரும்." மூலையில் சாத்தியிருந்த வாருபலகையை எடுத்துக்கொண்டாள். "நான் அளத்துக்குப் போறேன்."

"இப்பவா?"

"வேலையில ஏறுறது வேறன்னு நீதான சொன்ன?"

புருஷன் பிணம் கூடத்தில் கிடக்க, பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி வாசலைத் தாண்டிப் போவதை அந்த ஊர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பின்னாலிருந்து ஆவுடைத்தங்கத்தின் குரல் கிளம்பியது. "எங்கண்ணன் இன்னும் விறைக்கக்கூட இல்லையே! உப்பா பெருசாப் போச்சு உனக்கு? நீ பொம்பளையா, கல்லா?"

உலகம்மாள் பாத்தியில் இறங்கினாள். இழுப்பு, மூச்சு, அடி. பட்டை கடித்துக்கொண்டே இருந்தது. அவர் பாதம் கண்ணுக்குள் வந்தால் பலகையைப் பார்த்தாள். அவர் குரல் காதுக்குள் வந்தால் உப்பு நொறுங்குகிற சத்தத்தைக் கேட்டாள். இழுப்பு, மூச்சு, அடி. எங்கேயோ கடலுக்கடியில் குளிர்ந்து கிடக்கிற மகனுக்கு அவன் அம்மா வழக்கம்போல உப்பு வாரிக்கொண்டிருக்கிறாள், வேறொன்றும் இல்லை. மெல்ல மெல்லப் பட்டை கடிப்பதை விட்டது. ஊர்ந்தது. அப்புறம் அடங்கியது.

வெயில் உச்சிக்கு வந்தது. யாரும் கூப்பிடவில்லை. வெயில் சாய்ந்தது.

சுடுகாட்டுக்குப் போகிற பாதை அளத்தை ஒட்டித்தான் போகிறது. கொட்டுச் சத்தம் முதலில் கேட்டது, பிறகு பாடை தெரிந்தது. மகன் இடத்தில் கொள்ளிச் சட்டி ஏந்தி வந்த கொம்பையாவின் தம்பி மகன் கூட்டத்தை நிறுத்திவிட்டு வரப்போரம் வந்தான். "பெரியம்மா, கடைசியா ஒருதடவ முகத்தைப் பாத்துட்டுப் போங்க," என்றான்.

அவள் மேலே ஏறவில்லை. பாத்தியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாறி, பாதையைப் பார்த்து நின்றுகொண்டாள். பாடையைப் பார்த்தபடியே பலகையைப் போட்டு இழுத்தாள். அந்த வேலை பின்னால் நடக்கிற வேலை. ஒவ்வோர் இழுப்புக்கும் அவரிடமிருந்து ஓரடி தள்ளிப் போனாள். ஒரு இழுப்பும் தப்பவில்லை. கொட்டுச் சத்தம் தேய்ந்து மறைந்தது. இருட்டிப் பலகை கண்ணுக்குத் தெரியாமல் போனபிறகும் அவள் வாரிக்கொண்டுதான் இருந்தாள். வரப்பில் பியூலா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு ஊர் அவளைக் கைவிட்டது என்று சொல்ல முடியாது. பார்த்தால் வழிவிட்டு ஒதுங்கியது. இழவு வீடுகளுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. ஆவுடைத்தங்கம் பக்கத்துப் பாத்தியிலேயே வேலை செய்தாலும் முகம் பார்க்கவில்லை. ஒருநாள் காதுபட, "என் ஆடுகூட ரெண்டு நாள் தீவனம் எடுக்கல, எங்கண்ணன் போனதுக்கு," என்றாள். அது கொம்பையா திட்டிக்கொண்டிருந்த ஆடுதான், துக்கத்தன்று அவள் ஓட்டிக்கொண்டு போனது. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆவுடைத்தங்கம் காலில் விழுந்திருப்பாள். அந்த ஒரு வார்த்தை எங்கே போய் எப்படிச் சேருமோ என்று உலகம்மாள் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு பலகையை இழுத்தாள்.

"உங்களுக்குக் கோபமே வரலையாம்மா?" என்று பியூலா கேட்டாள், அந்த மாதம் பட்டையைச் சோதிக்க வந்தபோது.

"வந்தா அவனுக்கில்ல போகும்," என்றாள் உலகம்மாள். "அவ அழுததெல்லாம் எனக்கும் சேத்து அழுததா இருக்கட்டும்."

அவளை அரித்தது வேறு ஒன்று. திரும்பி வருகிறவனிடம் எப்படிச் சொல்வது? அப்பாவுக்குக் கொள்ளி வைக்கக் கொடுத்துவைக்கவில்லை, முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, உன்னைத் தூங்கவைக்க நானும் அழவில்லை என்று எந்த வாயால் சொல்வது? பியூலாவைக் கேட்டாள். கரைக்கு வந்து தெம்பானபிறகு டாக்டரே பக்குவமாகச் சொல்வார், அதுவரை யாரும் மூச்சுவிடக் கூடாது என்று உத்தரவு, என்றாள் பியூலா.

காற்று திரும்பி, அளத்தில் உப்பு நன்றாக விளைகிற பருவம் வந்தது. ஒருநாள் உச்சி வெயிலில் உலகம்மாள் பாத்தியில் நின்றபோது மோட்டார் கொட்டகைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"எம்மா! கரையேறு! கஞ்சி காத்துக் கிடக்கு!"

அவள் கையிலிருந்த பலகை நின்றது. அவர் குரல்தான். ஆனால் இளசான குரல். நெற்றியில் கைவைத்து நிமிர்ந்து பார்த்தாள். கொட்டகைக்குப் பக்கத்தில் பியூலாவின் ஸ்கூட்டர். வரப்பில் பலவேசம் நின்றிருந்தான். மெலிந்து, வெளுத்து, சாய்ந்தால் ஒடிந்துவிடுகிற மாதிரி இருந்தான்.

தலை மொட்டையாக இருந்தது. மீசையும் இல்லை.

உலகம்மாள் வரப்பேறி வந்து அந்த மொட்டைத் தலையைத் தொட்டுப் பார்த்தாள். "யாருல சொன்னா உனக்கு?"

"நாங்க சொல்லலைம்மா," என்றாள் பியூலா. "டாக்டர் சொல்ல வாயெடுக்கிறதுக்கு முன்னாடியே, முழிச்சு எந்திரிச்சவன் முதல்ல கேட்டது சவரக்கத்தி. எல்லாரும் அரண்டு போயிட்டாங்க."

"நீதாம்மா சொன்ன," என்றான் பலவேசம்.

"நான் ஒண்ணும் சொல்லலியே! மூச்சுவிடலியே!"

"தூக்கத்துல கனவு மாதிரி வரும்மா. தினமும் நீ உப்பு வாருவ. நான் வரப்புல ஓலைக்கடியில கிடப்பேன். மத்தியானம் அப்பா கூப்பிடுவாரு, நீ கரையேறுவ, உன் நெஞ்சு இளைப்பாறும், எனக்கும் இளைப்பாறும். அது ஒருநாளும் தப்பினதில்ல." அவன் கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினான். "ஒருநாள் நீ வாரிக்கிட்டே இருந்த. ஒரு பதட்டமும் இல்ல, அத்தனை சீரா. மத்தியானம் யாரும் உன்னைக் கூப்பிடல. நான் காத்துக் கிடந்தேன். சாயங்காலம் ஆச்சு, இருட்டிப்போச்சு. நீ கரையேறவே இல்ல. அப்பா இருந்தா விட்டிருப்பாராம்மா? அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சுமா முழிக்காம கிடந்த?"

"நீ அவ்வளவு பாடுபட்டுத் தூங்க வைக்கிற. எப்படி முழிக்க?"

அடுத்த பாத்தியில் பலகைச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. ஆவுடைத்தங்கம் முழங்கால் அளவு சேற்றோடு வரப்பில் ஏறி நின்றிருந்தாள். "என்னல சொல்லுத?" என்றாள். "எந்த நெஞ்சு? எந்தத் தூக்கம்?"

பலவேசம் அத்தையின் கையைப் பிடித்து உலகம்மாளின் கழுத்தெலும்புக்குக் கீழே, நெஞ்சில் வைத்தான். பட்டை அங்கே இருந்தது. "சர்க்கரை இல்ல அத்தை. இது நான்," என்றான். அவன் கப்பல்தான் கரைசேர்ந்துவிட்டதே, பியூலா தடுக்கவில்லை.

ஆவுடைத்தங்கத்துக்கு முழுவதும் விளங்கியதா தெரியவில்லை. விளங்கவேண்டியது விளங்கிவிட்டது. "மதினி," என்றாள். பிறகு உலகம்மாளின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் முகத்தில் அறைந்துகொள்ளப் போனாள். உலகம்மாள் விடவில்லை.

பியூலா பஞ்சை நனைத்து, பட்டையின் ஓரத்தை மெல்ல உரித்தாள். தோல் அந்த இடத்தில் மட்டும் வெளுத்திருந்தது. உலகம்மாள் அந்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"இனி அழலாமா தாயி?"

"அழுங்கம்மா," என்றாள் பியூலா. "கழட்டியாச்சு."

உலகம்மாள் வரப்பிலேயே உட்கார்ந்தாள். ஆவுடைத்தங்கம் எதிரே உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டாள். மாரில் ஒரு தட்டு. இத்தனை மாதமாகத் தொண்டையில் நின்றிருந்த முதல் அடி, புளி கூடிய குழம்பும் ஆட்டிடம் போட்ட சண்டையும் உப்பு வெடித்த பாதமுமாக மேலே எழுந்தது. அளத்தில் பலகைகள் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் பாத்திகளை விட்டுக் கரையேறி வந்தார்கள்.

பலவேசம் சட்டென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். பட்டை இல்லை, கம்பி இல்லை, ஆனாலும் அவள் குரல் ஏற ஏற அவன் துடிப்பும் ஏறிக்கொண்டிருந்தது. உலகம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். பழகிய பயத்தில் பாட்டு அப்படியே நின்றது.

அவன் பக்கத்தில் வந்து மண்டியிட்டான்.

"நிறுத்தாதம்மா," என்றான். "நான் முழிச்சுத்தான் இருக்கேன்."